ஏழு விநாடித் தாமதம்

அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்த கொம்பையாவுக்குத் தொண்டையில் ஒரு முடி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. கனைத்தால் வெளியே கேட்டுவிடும், கனைத்தாலும் அது யாருடைய கனைப்பாக வந்து விழும் என்று நிச்சயமில்லை, ஏனென்றால் கணக்குப்படி இந்த உள்ளறைக்குள் இருப்பது அவனில்லை, அவனுடைய அப்பா சங்கரபாண்டி, மேலுக்குச் சுகமில்லாமல் படுத்திருக்கிறார். முன்வீட்டுக் கூடத்தில் மைக்கோடு நிற்கும் சென்னை டிவிக்காரப் பெண்ணிடம் அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். ‘அவியளுக்குக் காய்ச்சலு. கேமராவுக்கெல்லாம் வரமாட்டாவ. போன்ல வேணா பேசுவாவ.’ ‘பரவால்லம்மா, அப்பாவோட வாய்ஸ் மட்டும் இருந்தா போதும், அதுதாம்மா எமோஷன்,’ என்றாள் அந்தப் பெண். ஷாமிலி என்று பெயர். ‘எமோஷன்’ என்பதில் ‘மோ’வை இழுத்துச் சொல்வாள், ஒருமுறை கேட்டதும் கொம்பையாவின் நாக்கு அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது. தம்பி ஒருத்தன் உண்டாமே, எங்கே என்று கேட்டாள். டியூஷனுக்குப் போயிருக்கான் என்றாள் அம்மா. அக்கா நீச்சலில் நாட்டுக்கே தங்கம் வாங்கின நாளில், பதினாறு வருஷமாக ஒரு டியூஷன் வாசலையும் மிதிக்காதவன் டியூஷனுக்குப் போய்விட்டான், அதையும் அந்தப் பெண் நம்பிவிட்டாள், தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. மடியில் அப்பாவின் போன். மூலை உடைந்த கண்ணாடி, பின்னால் ரப்பர் பேண்ட். நாலு மணிக்கு அக்கா பேச்சியம்மாள் இதில் கூப்பிடுவாள், அப்பாவிடம் பேச வேண்டும் என்பாள், நாடே கேட்டுக்கொண்டிருக்கும். அப்பா செத்து இன்றோடு இருபத்தாறு நாள். அக்காவுக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது வேறு யாருமில்லை, இந்தத் தொண்டைதான்.

தெருவில் மறுபடியும் சரவெடி. முதலில் தெருவில் வெடித்தது, பிறகு ஒன்று இரண்டு என்று ஏழு எண்ணி முடிக்க, முன்வீட்டு டிவிக்குள்ளும் வெடித்தது. காலையிலிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே விளையாட்டு இதுதான். நேரலை என்று சிவப்பெழுத்தில் போடுகிறார்களே, அது ஏழு விநாடி பழையது. வசந்தா சித்தி ‘காப்பி யாருக்குல்லாம் வேணும்’ என்று கேட்பாள், காப்பி கொடுத்தும் முடித்துவிடுவாள், அப்புறம்தான் டிவியில் இருக்கிற சித்தி ‘காப்பி யாருக்குல்லாம் வேணும்’ என்பாள். ஏழு விநாடிக்கு முந்தின உலகம் ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. இருபத்தாறு நாளுக்கு முந்தின உலகத்தைக் காட்டுகிற பெட்டி ஒன்று இருந்தால் அவன் அதன் முன்னாலிருந்து எழுந்திருக்கவே மாட்டான். இழவு வீடு, வருஷம் திரும்பும்வரை வெடி கூடாது, இனிப்பு கூடாது, ஆனால் வெடி போடாவிட்டால் டிவிக்காரிக்குச் சந்தேகம் வரும் என்று எதிர்வீட்டு நெல்லையப்ப மாமாதான் யோசனை சொன்னார், சொல்லிவிட்டு வெடியைப் பற்றவைக்கும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதை ஷாமிலி பார்த்து, ‘ஊரே ஆனந்தக் கண்ணீரில்’ என்றாள். வண்டி ஊருக்குள் நுழையுமுன் பையன்கள் ஓடி ஓடிச் சுவர்களில் இருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரையெல்லாம் கிழித்துப் போட்டார்கள். அந்தப் போஸ்டரில் இருந்த அதே படம் இப்போது முக்கு ரோட்டு ஃப்ளெக்ஸில் நிற்கிறது, அதே கடையில் அடித்தது, அதே கட்டம்போட்ட சட்டை, ‘ஆழ்ந்த இரங்கல்’ போய் ‘வீரமகளைப் பெற்ற வீரத்தந்தையே வாழ்க’ வந்துவிட்டது. அப்பா அந்தப் படத்தை ரேஷன் கார்டுக்காக எடுத்தார். இரண்டுக்குமே சிரிக்கவில்லை.

எல்லோருடைய குரலும் கதவிடுக்கு வழியாக வந்து அவன் தலைக்குள் வரிசையாக உட்கார்ந்தது. ஹெட்மாஸ்டர்: ‘அந்தப் பெண்ணினுடைய திறமையினை நான் ஆறாம் வகுப்பினிலேயே கண்டுகொண்டேன்.’ கண்டுகொண்டவர்தான் மாவட்டப் போட்டிக்கு லீவு கேட்டபோது ‘மீன் குஞ்சுக்கு எதுக்குப் படிப்பு, டி.சி. வாங்கிக்க’ என்றவர். எம்.எல்.ஏ.: ‘இது எனது தொகுதியின் தண்ணீர்!’ அக்கா நீந்திப் பழகிய அந்தக் குளத்துத் தண்ணீரில் இரண்டு வருஷமாகப் பாசி. அப்பா தன் கையால் சுரண்டினார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், பொட்டப்பிள்ள தொடை தெரிய நீந்துதாளே, ஒனக்கு ரோசம் இல்லையா சங்கரபாண்டி என்று நடுத்தெருவில் கேட்டவர், இப்போது, ‘நம்ம பிள்ள!’ என்கிறார். டெல்லிச் சேனலில் ஒருத்தர் மூச்சு முட்ட, ‘பெச்சி அம்மல், பெச்சி அம்மல், கோல்ட் ஃபார் இந்தியா!’ தமிழ்ச் சேனலில் நாலு கட்டத்துக்குள் நாலு பேர். நீச்சலுக்கு இந்த நாடு என்ன செய்தது என்று ஒருத்தர், நீங்கள் ஆண்டபோது என்ன செய்தீர்கள் என்று இன்னொருத்தர், கிரிக்கெட்டைத் தடை செய்ய வேண்டும் என்று மூன்றாமவர், நாலாமவருக்கு மைக் வேலை செய்யவில்லை, அவர் மட்டும்தான் அழகாகப் பேசினார். கொம்பையாவின் உதடு தன்னால் அசைந்துகொண்டிருந்தது. நல்ல நாளாக இருந்தால் இந்த நாலு பேரையும் முக்கு டீக்கடையில் ஒரே ஆளாக நடத்திக் காட்டியிருப்பான், நெல்லையப்ப மாமா வேட்டி அவிழச் சிரித்திருப்பார், அப்பா மட்டும் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு கிளாஸுக்குள் சிரித்திருப்பார், ‘படிக்காத மூதிக்கு இதெல்லாம் வரும்’ என்று. அந்தக் குரலும் வரிசையில் வந்து உட்கார்ந்தது. கனத்த குரல், அடியில் கொஞ்சம் மணல். நகராட்சி நீச்சல் குளத்து மோட்டார் ரூமில் இருபது வருஷம் குளோரினை முகர்ந்து அரித்துப்போன குரல். வேண்டாம், நீ இப்போது வராதே என்றான் அதனிடம். நாலு மணிக்கு வா. இல்லை, வராதே.

எப்படி ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது, பொய்யென்று நினைத்து ஆரம்பித்தால்தானே. அது ஒரு பழைய விளையாட்டு. அக்கா கேம்ப்புக்குப் போனதிலிருந்து அவர்கள் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு வீட்டுக்கு மூன்று நிமிஷம், அவ்வளவுதான். அந்த மூன்று நிமிஷத்தில் முதல் வார்த்தை யார் பேசுவது என்பதுதான் விளையாட்டு. கொம்பையா அப்பா குரலில் ‘சொல்லு தாயி’ என்பான், இல்லையென்றால் அப்பா கொம்பையா குரலில் ‘அக்கா, நான் கொம்பையா’ என்பார், அக்கா கண்டுபிடிக்க வேண்டும். அவன் எடுத்தால் பாதி நாள் ஏமாந்துவிடுவாள். அப்பா எடுத்தால் ஒரு நாளும் ஏமாந்ததில்லை. அப்பாவுக்கு மிமிக்ரி சுத்தமாக வராது, கீச்சென்று பாதி தூரம் போய் உடைந்து நிற்கும், பழைய சைக்கிள் பிரேக் மாதிரி, அக்கா அங்கே சிரிப்பாள், அப்பா இங்கே வெட்கப்படுவார், அப்புறம் இரண்டு பேரும் ‘சாப்ட்டியளா’ ‘சாப்ட்டியா’ என்று கேட்டுக்கொண்டு மிச்ச நிமிஷத்துக்குச் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூமில் குப்புற விழுந்து செத்துக் கிடந்த அப்பாவை மூன்று மணிக்குத் தூக்கி வந்து முன்வீட்டில் கிடத்தியிருந்தார்கள். ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் போன் அடித்தது. நாலரை. யாருக்கும் அது என்ன சத்தமென்று உறைக்கவில்லை. அவன்தான் எடுத்தான், எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினான், ‘அக்கா’ என்றுதான் வாயைத் திறந்தான், சாமி சத்தியமாக, வந்தது, ‘சொல்லு தாயி.’ தொண்டை எந்தப் பக்கம் பழகியிருந்ததோ அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘அப்பா, அங்க என்ன சத்தம்? யாரோ அழுதாவ?’ உள்ளே பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். ‘பக்கத்துல ஒரு ஆளு போயிட்டாரு தாயி.’ ‘யாருப்பா?’ ‘ஒனக்குத் தெரியாது.’ அவர் சாவை அவர் குரலிலேயே சொல்லி, அதுவும் ஒனக்குத் தெரியாது என்று சொல்லி, ‘சாப்ட்டியா’ என்று கேட்டு, வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா கிணற்றடியில் நிற்கிறாள். அடிப்பாள் என்று நினைத்தான். அவள் அவன் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். பொத்திக்கொண்டே, ‘இன்னொருக்கா பேசுல,’ என்றாள்.

அதற்கப்புறம் கேம்ப்பில் இருந்த பயிற்சியாளர், மலையாளத்துக் குருவில்லா சாருக்குச் சொன்னார்கள், அவர், ‘இப்போ சொல்லண்டா. எட்டு வருஷ உழைப்பாணு. ஃபைனல் கழியட்டே, நான் கூட இருந்து சொல்லிக்கொள்ளாம்,’ என்றார், சொல்லும்போதே குரல் தழுதழுத்தது, அவனுக்கு அதைச் செய்து காட்ட நாக்குத் துறுதுறுத்தது, அவ்வளவு கேடுகெட்ட நாக்கு. அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் மௌனத்தை அவனால் செய்ய முடியவில்லை, எல்லாக் குரலும் வரும், அந்த ஆள் சும்மா மூச்சு விடுவது மட்டும் வராது, பயத்தில் அவன் பேசினான், பேசிக்கொண்டே இருந்தான், தங்கம் வாங்காட்டியும் பரவால்ல தாயி, ஒன்னைய நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு தாயி, இதெல்லாம் அப்பா உயிரோடு இருந்தபோது செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா, ‘அப்பா, இப்பல்லாம் நெறைய பேசுதிய,’ என்றாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தான். ‘நல்லாருக்குப்பா. இப்டியே பேசுங்க,’ என்றாள். பிறகுதான், கடைசி ஐம்பது மீட்டர்ல எனக்குக் கை செத்துப்போவுதுப்பா, பயமாருக்கு என்றாள், அவனும் வாயில் வந்ததைச் சொன்னான்: ‘அந்தக் கடைசி ஐம்பதுல ஒங்க அம்ம வெளக்குமாத்தோட பின்னால வாரான்னு நெனச்சுக்கோ தாயி, கை தன்னால வரும்.’ அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இன்று காலை அவள் தண்ணீரிலிருந்து ஏறி, மூச்சு வாங்க, மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கப்பா சொன்னாவ என்று அதை அப்படியே சொன்னாள். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு பாஷையில் அந்த வெளக்குமாறு ஓடிவிட்டது, டெல்லியில் ஒருத்தன் தேங்காய் நார் வெளக்குமாறா ஈர்க்குச்சி வெளக்குமாறா என்று படம் போட்டு விளக்கினான், ஒரு டாக்டர் அதை அச்ச ஊக்க முறை என்றார், எளிய தந்தையின் மேதைமை என்று கீழே எழுத்து ஓடியது. அப்பா, உங்க பேரில் நாடு முழுக்க ஒரு பொன்மொழி சுற்றுகிறது, நீங்க சொல்லாதது. நீங்க சொன்னதெல்லாம் சாப்ட்டியா ஒன்றுதான், அதை யாரும் எழுதவில்லை.

பந்தயத்தைப் பார்த்தபோது வீட்டில் அவனும் அம்மாவும் சித்தியும் மட்டும். இருநூறு மீட்டர் பட்டர்ஃப்ளை, நூற்றைம்பதில் அக்கா நாலாவது, சுவரைத் தொட்டுத் திரும்பினாள், கை பறவைபோல எழுந்து எழுந்து விழுந்தது, மூன்றாவது, இரண்டாவது, அவன் எழுந்து நின்று கத்தினான், ‘ஏட்டி பேச்சி! ஏட்டி! போட்டீ!’ அக்கா தொட்டுவிட்டாள், முதலாவது, வீடு அமைதியாக இருந்தது, அம்மா டிவியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் அவனுக்குத் தான் யார் குரலில் கத்தினோம் என்று தெரிந்தது. வேண்டுமென்று எடுக்கவில்லை. சந்தோஷம் வந்தது, அந்தக் குரலில் வந்தது. அழ வேண்டுமென்றாலும் அப்படித்தான் வருமோ என்ற பயத்தில் இந்த இருபத்தாறு நாளும் அவன் அழவே இல்லை. அப்பா தனக்காகத் தானே அழுவதுபோல இருக்குமே. தன் குரல் எங்கே போயிற்று? மீசை முளைக்கிற நேரத்தில் எல்லாப் பையனுக்கும் குரல் உடையும், உடைந்த துண்டில் எது தன்னுடையது என்று பொறுக்கி எடுப்பதற்குள் அவன் இன்னொருத்தருடையதைப் போட்டுக்கொண்டுவிட்டான்.

கதவு ஒருக்களித்துத் திறந்தது. அம்மா. நெற்றியில் குங்குமம், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. பதினாறாம் நாள் ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று இறக்கியதை இன்று கேமராவுக்காக வசந்தா சித்தி மறுபடி கட்டிவிட்டாள். கட்டும்போது சித்தியின் விரலில் முடிச்சு நிற்கவேயில்லை, மூன்று தரம் அவிழ்ந்தது. அம்மா கதவைச் சாத்திவிட்டு அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ‘ஏல, இன்னிக்கி மட்டும்.’ ‘போன வாரமும் இப்டித்தான் சொன்ன.’ ‘இன்னிக்கி மட்டும்ல. ஊருக்கு வந்து சேரட்டும். அம்புட்டுத் தொலைவுல, விமானத்துல, இத மனசுல வச்சுக்கிட்டு எப்டில வருவா?’ ‘வந்தா ஏர்போர்ட்டுக்கு யாரு போவா? நான் அப்பா சட்டையப் போட்டுட்டுப் போகவா?’ அம்மா, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த அப்பா போட்டோவின் முதுகில் உதிர்ந்து கிடந்த ஒரு சம்பங்கி இதழைத் தட்டிவிட்டாள். ‘சும்மா நாலு வார்த்த. அந்த வெளக்குமாத்துக் கதைய ஒருக்கா சொல்லச் சொல்லுதா அந்த டிவிக்காரப் பிள்ள. சொல்லிட்டு வச்சுரு.’ ‘அம்மா, அவ மொகம் பாக்கலம்மா. அப்பா மொகத்த. நான்தானே பாக்க விடாம ஆக்குனேன்.’ ‘நீ மட்டுமால ஆக்குன?’ என்று எழுந்தவள், கதவருகே கயிற்றை முந்தானைக்குள் சரிசெய்துகொண்டு, முகத்தைச் சிரித்த முகமாக்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் அவனைவிடப் பெரிய ஆள். அவன் குரலைத்தான் மாற்றுவான்.

முன்வீட்டு டிவியில் சட்டென்று அக்காவின் குரல். அவன் கதவிடுக்கில் கண்ணை வைத்தான். குளித்து வந்த ஈரத்தலை, கழுத்தில் நீலப் பட்டை, அந்த ஊர் வெயில். யாரோ ஒருவர் கேட்கிறார், இந்த மெடலை என்ன செய்யப் போகிறீர்கள் மேடம்? அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், புறங்கையில் மூக்கைத் துடைத்தாள். ‘எங்கப்பா கழுத்துல போடணும். அவியளுக்கு மால கீலன்னாலே வெக்கம், ஒருத்தரும் போட்டதில்ல. நான்தான் மொதல்ல போடணும்.’ மொதல்ல. இருபத்தாறு நாளாக இந்த வீட்டில் மாலை வாடி மாலை மாற்றியிருக்கிறார்கள், ஊரில் எல்லோரும் ஆளுக்கொன்று போட்டுவிட்டார்கள், அவள் ஒருத்தி மட்டும் வரிசையில் இல்லை. ‘இதோ இப்போது தந்தையுடன் நேரலையில்,’ என்று ஷாமிலி பரபரத்தாள், ‘ஸார், ரெடியா ஸார்?’ என்று கதவைப் பார்த்துக் கூவினாள், அவன் அப்பா குரலில் ஒரு செருமல் செருமினான், அவள் கட்டைவிரலைத் தூக்கினாள். போன் அடித்தது. பழைய மணிச் சத்தம். கொம்பையா எடுத்தான்.

‘அப்பா!’

சிரிப்பும் இரைச்சலும் தண்ணீரும் கலந்த குரல். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. சொல்லு தாயி. அது நாக்கின் நுனியில், ஊறவைத்த அரிசிபோல் தயாராக உட்கார்ந்திருந்தது, திறந்தால் போதும். அவன் பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினான். தள்ளிவிட்டு, தன்னுடையதைத் தேடினான், கீழே, அடியில், குளோரின் வாசனைக்கும் அடியில், எங்கேயோ கிடந்ததைப் பிடித்து இழுத்தான்.

‘அக்கா, நான் கொம்பையா.’

பாதி தூரம் வந்து கீச்சென்று உடைந்து நின்றது.

அங்கே அக்கா வெடித்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அவன் கேட்டதில்லை. ‘அப்பா! அய்யோ அப்பா! எத்தன வருசமாச்சு, ஒங்களுக்கு இன்னும் அவன் குரலு வரவே இல்லப்பா!’

‘அக்கா,’ என்றான். ‘அப்பா செத்துப் போயிட்டாவக்கா. இருவத்தாறு நாளாச்சு. இத்தன நாளும் நான்தான் பேசுனேன்.’

அழுகை வந்தது. யார் குரலில் வந்தது என்று அவன் கவனிக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்; அந்தப் பக்கம் மூச்சு மட்டும் இருந்தது, சும்மா, பேச்சில்லாமல், அப்பா விடுவதுபோல. கதவுக்கு வெளியே ஒருவருக்கும் இன்னும் ஒன்றும் தெரியாது. நெல்லையப்ப மாமா அடுத்த சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார், அம்மா சிரித்த முகத்தோடு நின்றாள், முன்வீட்டு டிவியில் அக்கா அப்போதுதான் ‘அப்பா!’ என்று கூப்பிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.